மைசூர் சாண்டல் சோப்பு: திவான் காலத்துச் சரக்கு, இன்றைய குளியலறையில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்கு மைசூர் சாண்டல் சோப்பு நல்ல சோப்பு. உப்பேறிய போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்காது. சாதாரணத் தோலுக்கும் எண்ணெய்ப் பசையுள்ள தோலுக்கும் ஏற்றது. ஏற்கெனவே வறண்டு செதில் விடும் தோலுக்கு மார்கழியில் ஒத்துக்கொள்ளாது. வாசனை, கட்டி சில்லாகத் தேயும்வரை கட்டியில் நிற்கும். உடம்பில் அவ்வளவு நேரம் நிற்காது.

ஆனால் இந்தச் சோப்பைக் குளியல் சரக்காக மட்டும் எடை போட்டால் பாதி விட்டுப்போகும். இதைத் தயாரிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது ஒரு சமஸ்தானத்தின் திவான் கச்சேரி, அதாவது மன்னரின் முதலமைச்சர் அலுவலகம். சமஸ்தானத்தைக் கண்காணிக்கப் பெங்களூரில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்ட்டின் பார்வைக்குக் கீழே நடந்த அரசாங்கம் அது. பெட்டியின் மேல் இருக்கும் முத்திரையைப் பாருங்கள்: யானைத் தலை, சிங்க உடல். மைசூர் அரச முத்திரையில் கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவையின் இருபுறமும் நிற்கும் சரபம் அதுதான். இந்தியச் சமஸ்தானத் திவான்கள் ஆரம்பித்துவைத்த தொழில்களில் இன்றும் மளிகைக் கடையில் கைநீட்டி வாங்கக்கூடியவை மிகக் குறைவு. அதில் இது முதல் வரிசை.

கட்டியிலிருந்து தொடங்குவோம். குளியல் சோப்பின் தரத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள மொத்தக் கொழுப்பின் அளவு. பெட்டியில் டிஎஃப்எம் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 76 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். இதற்கும் கீழே, 40 சதவீதம் இருந்தாலே போதும் என்ற கணக்கில் 'பேதிங் பார்' என்று ஒரு வகை தனியாக விற்கிறது. அதில் மீதி இடத்தை வேறு பொருள்களால் நிரப்புகிறார்கள்; கட்டி பெரிதாகத் தெரியும், வேகமாகக் கரையும். மைசூர் சாண்டல் முதல் தரம். விலங்குக் கொழுப்பு கிடையாது, தாவர எண்ணெய்தான் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். குளித்தபின் கட்டியின் மேல் விரலை வைத்தால் குழையாமல் இருப்பது இதனால்தான்.

வாசனை விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். இது சந்தனம் அரைத்துப் பூசிய வாசனை இல்லை. நல்ல சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டும். மளிகைக் கடை விலைக்கு விற்கும் கட்டியில் அது எவ்வளவு சேர முடியும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனுடன் வெட்டிவேர், பச்சோலி, ஜெரேனியம், ஆரஞ்சு போன்ற எண்ணெய்கள் கலந்ததுதான் இந்தச் சோப்பின் மணம். மற்றச் சந்தன சோப்புகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அடியில் நிற்கும் மணம். சந்தன எண்ணெயின் உயிரான சான்டலால் மெதுவாக ஆவியாகக்கூடியது. அதனால் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மேல் வாசனை சில நாளில் அடங்கிய பிறகும், கட்டியின் உள்ளிருந்து கனமான, சற்றே பால் மணம் கலந்த சந்தனம் வந்துகொண்டே இருக்கும். செயற்கை வாசனை மட்டும் போட்ட சோப்பு பாதி தேய்ந்ததும் வெறும் சோப்பு நாற்றத்துக்கு வந்துவிடும். வாங்கியதில் பாதி கரைந்தபின் முகர்ந்து பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

இனி தண்ணீர். சென்னைப் புறநகரிலோ கோவையின் சில பகுதிகளிலோ போர் தண்ணீரில் இதைத் தேய்த்தால் நுரை வர நேரமாகும், வந்த நுரையும் சட்டென்று அடங்கும். வாளியின் உள்விளிம்பில் சாம்பல் நிற வளையம் படியும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுவதால் வரும் வினை இது. கொழுப்பு அதிகமுள்ள நல்ல சோப்பில்தான் இது பளிச்சென்று தெரியும், ஆகவே சோப்பு போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தப் பிசுக்கு தோலில் தங்கினால் அரிப்பு வரும். கடைசி இரண்டு சொம்பு மட்டுமாவது நல்ல தண்ணீரில் ஊற்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் வழியில்லையென்றால் உப்புத் தண்ணீரில் திரியாத, சோப்பு அல்லாத கட்டிகள் கடையில் உண்டு. அதற்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

முகத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாது. எந்த உண்மையான சோப்பும் காரத்தன்மை உடையது, இதுவும் அப்படியே. முகப்பரு உள்ளவர்கள் சந்தனம் குளிர்ச்சி என்று நம்பி இதை மூன்று வேளை தேய்த்தால் தோல் இழுத்துப் பிடித்து, பரு கூடத்தான் செய்யும்.

கட்டி நீள்வட்டமாக, வழவழப்பாக இருப்பதால் கைக்குப் பாந்தமாக அடங்கும். அதே வடிவம்தான் அதன் பலவீனமும். தட்டையான டப்பாவில் வைத்தால் வயிற்றுப்பகுதி தேங்கிய தண்ணீரில் ஊறி, அடியில் கொழகொழவென்று ஆகிவிடும். அடியில் ஓட்டையும் வரம்பும் உள்ள டப்பா கட்டாயம் வேண்டும். நாள்பட்ட கட்டியில் நீளவாக்கில் வெடிப்பு விழுந்தால் பயப்பட வேண்டாம். உருளையில் அரைத்து, நீளமாகப் பிதுக்கி, அச்சில் அடிக்கும் சோப்பு நனைந்தும் காய்ந்தும் வரும்போது பிதுக்கிய திசையிலேயே பிளக்கும். வாசனை எண்ணெயை இந்த அரைப்புக் கட்டத்தில், சூடு குறைந்த பிறகுதான் சேர்ப்பார்கள். காய்ச்சும்போது சேர்த்தால் மணம் ஆவியாகிவிடும். வெடிப்பு விழுவது இந்த முறைக்குக் கொடுக்கும் விலை.

இப்போது இந்தக் கட்டி எப்படிப் பிறந்தது என்பதற்கு வருவோம். ஒரு சமஸ்தான நிர்வாகியின் அன்றாட வேலை எந்த எல்லைக்குள் நடந்தது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

1792ல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். பின்னால் வந்த ஆட்சிகள் எல்லாம் அந்த ஏகபோகத்தை அப்படியே வைத்துக்கொண்டன. பட்டா நிலத்தில் தானாக முளைத்த மரமும் சர்க்காருக்குத்தான் சொந்தம். வேரில் எண்ணெய் அதிகம் என்பதால் மரத்தை வெட்டமாட்டார்கள், வேரோடு பெயர்த்தெடுப்பார்கள். பட்டையையும் வெளிமரத்தையும் சீவி, மணமுள்ள உள்மரமான வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தரம் பிரிப்பார்கள்: விலாயத் புத், சைனா புத், பஞ்சம், கோட்லா என்று தொடங்கி மரத்தூள்வரை 18 தரம். பிறகு ஏலம். விலாயத் என்றால் சீமைக்கு, சைனா என்றால் சீனத்துக்கு. சந்தைகளின் பெயரையே தரத்துக்கு வைத்திருந்தார்கள் என்பதிலிருந்தே இந்த வியாபாரம் யாரை நம்பி நடந்தது என்பது விளங்கும். எண்ணெய் வடிக்கும் தொழில் மைசூரில் பெரிதாக இல்லை. கட்டை கப்பலேறி ஐரோப்பாவுக்கு, முக்கியமாக ஜெர்மனிக்குப் போனது. வடித்தவர்கள் ஜெர்மானியர்கள், லாபமும் அவர்களுக்கே.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது, அந்தச் சந்தை ஒரே நாளில் மூடிக்கொண்டது. கட்டைகள் கிடங்கில் தேங்கின. அப்போது திவான் மோ. விஸ்வேஸ்வரய்யா. 1909ல் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்து, 1912ல் திவானாகி, 1918வரை இருந்தவர். அவர் முன்னால் இருந்த வழிகள் மூன்று. போர் முடியும்வரை கட்டையைக் காத்துவைப்பது. வேறு நாட்டு வியாபாரிகளுக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளுவது. எண்ணெயை இங்கேயே வடிப்பது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதைச் செய்ய ஆள் வேண்டுமே. இங்கேதான் நம் சென்னை வருகிறது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் முறைத் தோல் பதனிடுதலையும் அரசுச் செலவில் ஆரம்பித்துக் காட்டியவர். அரசாங்கமே தொழில் நடத்துவதை இங்கிருந்த ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910ல் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரி மார்லி லண்டனிலிருந்து அதற்குத் தடை போட்டார். 1912ல் சாட்டர்டன் மைசூருக்குப் போய்த் தொழில் துறையின் பொறுப்பை ஏற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே செய்ய முடியாததை, சமஸ்தானத்துத் திவானின் கீழ் அதே மனிதர் செய்ய முடிந்தது. சமஸ்தானங்களைப் பற்றிப் பேசும்போது வெறும் அரண்மனைகளையும் வேட்டைகளையும் மட்டும் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பெங்களூரில் புதிதாக எழுந்திருந்த இந்திய அறிவியல் கழகத்தில், அதற்கு நிலம் கொடுத்ததும் மைசூர்தான், சட்பரோ, வாட்சன் என்ற இரு வேதியியல் பேராசிரியர்கள் இருந்தார்கள். சாட்டர்டன் அவர்களிடம் வேலையைக் கொடுத்தார். வேலை எளிதானதல்ல. சந்தன எண்ணெய் மற்ற வாசனை எண்ணெய்களைப் போல ஒரு மணி நேரத்தில் வடியாது. வைரத்தைத் தூளாக்கி, நீராவியை நாள்கணக்கில் விடாமல் செலுத்த வேண்டும். தூள் கரடுமுரடாக இருந்தால் நீராவி சந்து கண்டு ஓடிவிடும், எண்ணெய் மரத்திலேயே தங்கும். நேரடி நெருப்பில் வைத்தால் கருகல் வாடை ஏறும், அந்த எண்ணெயை எந்த மருந்துக் கம்பெனியும் தொடாது. அந்நாளில் சந்தன எண்ணெய் மருந்துச் சரக்காகவும் விற்றது என்பதால் சுத்தம் முக்கியம். நல்ல வைரக்கட்டை 100 கிலோ போட்டால் கையில் கிடைப்பது 4, 5 கிலோ. ஆகவே ஒரு சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் கஜானாவில் தெரியும். 1916ல் பெங்களூரில் எண்ணெய் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மைசூரில் அதைவிடப் பெரிய ஆலை. எண்ணெய் கைக்கு வந்தபின் சோப்பு அடுத்த படி. எஸ். ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்து, 1918ல் பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள்.

இதே திவானின் இன்னொரு வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சோப்பின் அருமை புரியும். கண்ணம்பாடியில் காவிரிக்குக் குறுக்கே அணை. 1911ல் தொடங்கிய அந்த வேலைக்கு, ஆற்றின் கீழ்ப்பகுதி சென்னை மாகாணத்தில் இருந்ததால், சென்னையின் சம்மதம் வேண்டும். கடிதம் மைசூரிலிருந்து ரெசிடென்ட்டுக்கு, அங்கிருந்து இந்திய அரசுக்கு, அங்கிருந்து சென்னைக்கு என்று சுற்றியது. நீதிபதி கிரிஃபின் நடுவராக இருந்து 1914ல் தீர்ப்புச் சொன்னார். சென்னை மேல்முறையீடு செய்தது, தீர்ப்பு நிற்கவில்லை, 1924ல்தான் ஒப்பந்தம் ஆயிற்று. தஞ்சை விவசாயியின் பக்கம் நியாயம் இல்லை என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு திவானின் மேசையில் எந்தக் கோப்பு எவ்வளவு நாள் தங்கும் என்பதற்கு இதுதான் அளவுகோல்.

சந்தனத்துக்கு அந்தச் சுற்று இல்லை. 1881ல் தங்கள் கையில் வைத்திருந்த மைசூர் ஆட்சியை மன்னரிடம் திருப்பித் தந்தபோது பிரிட்டிஷார் போட்ட நிபந்தனைகளைப் பார்த்தால் காரணம் தெரியும். சொந்த நாணயம் கூடாது. கோரினால் உப்பு, அபின் உற்பத்தியைத் தடுக்க வேண்டும். இந்திய அரசின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். ஆண்டுக் கப்பம் 24.5 லட்சத்திலிருந்து 35 லட்சம் ரூபாய். உயர்த்திய தொகை 1896 முதல் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரின் ராணுவப் பகுதியான கன்டோன்மென்ட் மைசூர் மண்ணிலேயே இருந்தும் மைசூர் ஆட்சிக்கு வெளியே. மைசூருக்கு வரும் சரக்குக்குத் துறைமுகத்தில் வசூலித்த சுங்கம் மைசூருக்கு இல்லை. இத்தனை கதவும் மூடியிருக்க, முழுக்கத் திறந்திருந்த கதவு வனத்துறை. மரம் தன் காட்டில், ஏகபோகம் தன் சட்டத்தில், ஆலை தன் நிலத்தில். அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியதுதான் நிர்வாகத் திறமை. 1913ல் மைசூர் வங்கி, 1916ல் மைசூர் பல்கலைக்கழகம் என்று அந்த ஆறு வருடங்களில் நடந்தவை எல்லாமே இப்படித் தன் கைக்குள் இருந்ததைத் தேடிப் பிடித்துச் செய்தவைதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சந்தன ஏகபோகம் கஜானாவுக்கு லாபம், குடியானவனுக்கு நஷ்டம். தன் வரப்பில் நிற்கும் மரம் தனக்குச் சொந்தமில்லை, ஆனால் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான் என்றால் எவன் கன்றை வளர்ப்பான்? முளையிலேயே கிள்ளிப் போட்டார்கள். 2001ல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி நில உரிமையாளருக்கு மரத்தின் மேல் உரிமை தரும்வரை இந்த நிலைதான். திவானும் எல்லாருக்கும் நல்லவராக இருக்கவில்லை. பிராமணரல்லாதார் அரசு வேலையில் தங்களுக்குரிய பங்கைக் கேட்டபோது, திறமை மட்டுமே அளவுகோல் என்று அவர் நின்றார்; மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இதை ஆராய 1918ல் மில்லர் குழுவை நியமித்தார்; அந்த ஆண்டின் முடிவில் திவான் விலகினார். இந்த விஷயத்தில் மன்னர் எடுத்த பக்கமே சரியானது.

ஸ்பைக் நோய் இன்னொரு அடி. 1899ல் குடகில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய் வந்தால் இலை சிறுத்து விறைத்து நிற்கும், மரம் இரண்டு மூன்று வருடத்தில் பட்டுப்போகும். மைசூர் காடுகள் இதில் இழந்தது ஏராளம். பின்னால் கடத்தலும் சேர்ந்துகொண்டது. இன்று சோப்பைத் தயாரிக்கும் கர்நாடக அரசு நிறுவனம் கேரளத்து மறையூர் போன்ற வெளியூர் ஏலங்களிலும் கட்டை வாங்க வேண்டியிருக்கிறது. சோப்பு விலை ஏறுவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது? தினசரி உபயோகத்துக்குச் சாதாரண 75 கிராம், 125 கிராம் கட்டிகளே போதும். தனியாகக் குளிப்பவர் 75 கிராம் எடுப்பது நல்லது; பெரிய கட்டி கடைசிவரை தேய்வதற்குள் பலமுறை ஊறி வீணாகும். 'கோல்டு' வகையில் மணம் தூக்கலாக இருக்கும், விலை வித்தியாசத்துக்கு நியாயம் உண்டு. 2012ல் 150 கிராம் 720 ரூபாய் என்று வந்த 'மில்லெனியம்' பரிசாகக் கொடுக்க அழகானது. குளிக்க வாங்க வேண்டியதில்லை. கல்யாணச் சீர், வளைகாப்புத் தாம்பூலம் போன்றவற்றுக்கு நகைப்பெட்டி போன்ற அட்டையில் வரும் மூன்று கட்டிப் பெட்டி பொருத்தம்.

போலி உண்டு, கவனம். 2024 தொடக்கத்தில் ஹைதராபாத்தில் போலிச் சரக்கு பெருமளவில் பிடிபட்டது. பெட்டியில் அச்சு மங்கலாக இருக்கிறதா, சரபத்தின் துதிக்கை தெளிவாக விழுந்திருக்கிறதா, புவிசார் குறியீடு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2006லிருந்து இந்தச் சோப்புக்கு அந்தக் குறியீடு உண்டு. வழக்கத்துக்கு மாறாக மொத்தமாகப் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். பெங்களூர் போகிறவர்கள் யஷ்வந்த்பூர் பக்கம் 'சாண்டல் சோப் ஃபேக்டரி' என்றே பெயர் வைத்த மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஆலை அருகிலேயே இருக்கிறது.

தயாரிப்புத் தேதி ஒரு வருடத்துக்குள் இருக்கிற பெட்டியாக எடுங்கள். கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி அடுக்கிவைத்த கடையில் வாங்கினால் மேல் வாசனை போயிருக்கும். பிரிக்காத கட்டியைத் துணி பீரோவில் வைத்தால் துணிக்கு நல்ல மணம் ஏறும், பூச்சி விரட்ட மட்டும் அதை நம்ப வேண்டாம். பட்டுப்புடவை மடிப்புக்குள் நேராகச் செருகாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். வாசனை எண்ணெய் கசிந்தால் பட்டில் விழும் கறை போகாது.